யாரோ ஒரு பிள்ளையின் முகச்சுளிப்பு

என் மகள் பிரிஸ்கா, அவள் அப்பா ஊட்டிய முதல் வாய்ச் சோற்றைத் தரையில் துப்பினாள்.

என் வீட்டுக்காரர் தொம்மை, கடலில் ஒரு வாரம் தங்கல் முடித்துவிட்டு அன்றைக்குத்தான் கரை திரும்பியிருந்தார். வந்த அன்று பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வாய் கொடுக்காமல் அவர் சாப்பிட்டதே இல்லை. தட்டில் இருந்தது வெறும் பருப்புச் சோறு. அவள் நல்ல பிள்ளையாக வாயைத் திறந்து வாங்கினாள். இடது கண் மட்டும் இறுக மூடியது, உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அப்புறம்தான் துப்பினாள்.

"என்னட்டி, உறைக்கா?"

"கசக்குப்பா."

"பருப்பு எப்படிட்டி கசக்கும்?"

"பருப்பு இல்லப்பா. உங்க கை."

அவர் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்ணையெல்லாம் தேய்த்தார். திரும்பி வந்து இன்னொரு வாய் பிசைந்தார். எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டியது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பிள்ளை மேல் இல்லை. அவள் வாய்க்குள் ஒட்டியிருந்த அந்தப் பொட்டின் மேல்.

பொட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் படிக்கும் பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கம் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தோரணமாகத் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டுகளோடு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் தெருவில் மட்டுமே இரண்டு பிள்ளைகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஐஸ் கம்பெனியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பொட்டு செய்கிற கம்பெனியிலிருந்து நிரஞ்சனி என்ற பெண் வந்திருந்தாள். சென்னைக்காரி. சிரித்த முகம், இதமான பேச்சு.

"குழந்தைக்குப் பால் மறக்கடிக்க நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று எங்களைக் கேட்டாள்.

"வேப்பெண்ணெய் தடவுவோம்," என்றாள் என் பக்கத்து வீட்டு எஸ்கலின்.

"அதேதான்க்கா இது. மேல் அண்ணத்துல ஒரு சின்னப் பொட்டு ஒட்டுவோம். என்ன சாப்பாடு வாய்க்குள்ள வருதுன்னு அதுக்குத் தெரியும். நல்லதா இருந்தா நாக்கு நரம்புக்கு ஒரு துளி சந்தோஷம் கொடுக்கும். கெட்டதா இருந்தா கசப்பு. வலி கிடையாது, மருந்து கிடையாது."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு படிப்பு வருஷம். அப்புறம் எடுத்துடுவோம். பால்ல உறை ஊத்தினா தானா தயிராகுதுல்ல? அந்த மாதிரி பழக்கம் உறைஞ்சுடும். அதுக்கப்புறம் பொட்டே வேண்டாம்."

நாங்கள் கைதட்டினோம். நன்றாகவே தட்டினோம்.

முதல் மூன்று மாதம் அந்தப் பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடாத குறைதான். சிப்ஸைப் பார்த்தால் பிரிஸ்கா முகத்தைத் திருப்பினாள். முருங்கைக்கீரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். கலர் கலராக விற்கிற ஜூஸ் பாட்டிலைத் தொடவில்லை. ஐஸ் கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். ஒன்றே ஒன்று உறுத்தியது. அவளும் எஸ்கலின் மகளும் ஒரு கடலைமிட்டாய் கிடைத்தால் பாவாடை நுனியை மேலே போட்டு மூடி, எச்சில் படாமல் காக்காய்க் கடி கடித்து, பாதிப் பாதி தின்பார்கள். அது நின்றுபோனது. எது எப்போது கசக்கும் என்று தெரியாததால் பிள்ளைகள் ஒருவர் தின்பதை ஒருவர் வாங்குவதில்லை. போகட்டும், சுத்தம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி பிறந்தது. மழையும் காற்றுமாக வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் சோறு இறங்குவதே கருவாட்டால்தான். சாளைக் கருவாட்டைச் சுட்டுத் தட்டில் வைத்தேன். பிரிஸ்கா துப்பினாள். இதுவும் உடம்புக்காகத்தான் இருக்கும், உப்பு ஜாஸ்தியில்லையா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மழை விட்டுப் புதுமீன் வந்தது. குழம்பு வைத்தேன். அதையும் துப்பினாள். அப்புறம் மீன் வெந்த சட்டியில் கிண்டிய எதுவும் வேண்டாம் என்றாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று, கைக்குழந்தையான தங்கை செலினின் தொட்டிலடியில் போய்ப் படுத்தாள். வீட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும் தின்று பிள்ளை ஓடாகத் தேய்ந்தது. கடைசியில் அவர் கையையே துப்பினாள்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை திலகவதியின் அறையில் நிரஞ்சனியும் இருந்தாள். மாதம் ஒருமுறை பொட்டுகளைச் சோதிக்க வருவாளாம். சுவரில் பெரிய படம் ஒன்று. காய், கனி, பருப்பு, முட்டை, நடுவில் துள்ளுகிற மீன். 'மீன் மூளைக்கு நல்லது' என்று கீழே எழுதியிருந்தது.

"இது நல்லதுன்னு நீங்கதான எழுதிப் போட்டிருக்கிய? பெறவு எதுக்கு எம்பிள்ள துப்புது?"

"மெட்டில்டாம்மா, கொஞ்சம் மெதுவா," என்றார் திலகவதி.

நிரஞ்சனி கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையைத் தட்டிப் பார்த்தாள். "மீன் எங்க பட்டியல்ல நல்ல உணவுதான்க்கா. கருவாடு கெட்டதுல வந்திருக்கு. ரெண்டுக்கும் வாசனை ஒத்துப்போறதால பொட்டு குழம்பியிருக்கலாம்."

"அவ அப்பா கையும் கெட்டதுல வந்திருக்கா?"

அவள் பலகையை மறுபடி தட்டினாள்.

"சரி. கருவாடு கெட்டதுன்னு யாரு சொன்னா? உப்பு ஜாஸ்தின்னா கொறச்சுத் திங்கச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதோம். குமட்டணும்னு எதுக்குச் சொல்லிக்குடுக்கிய?"

"குமட்டல நாங்க உருவாக்கலக்கா. அது பதிவு."

"என்ன பதிவு?"

அவள் திலகவதியைப் பார்த்தாள். அவர் சொல்லுங்கள் என்பது போலத் தலையசைத்தார்.

"கசப்ப இயந்திரத்தால செஞ்சா குழந்தைங்க சீக்கிரம் கண்டுபிடிச்சுடறாங்க. நிஜக் குழந்தையோட நிஜ உணர்வு வேணும். அதனால சில குழந்தைங்களுக்கு ஒவ்வொரு சாப்பாடா கொடுத்து, ருசிச்சா எப்படி, பிடிக்கலன்னா எப்படின்னு நரம்ப அப்படியே பதிவு பண்ணினோம். அவங்க எதுக்கு முகம் சுளிச்சாங்களோ..."

"யாரு பிள்ளைக?"

"ஆபீஸ்ல வேலை செய்யறவங்க குழந்தைங்கதான். வெளியில கேட்டா அனுமதி கிடைக்க நாளாகும்னு... என் பொண்ணும் இருந்தா."

"உங்க வீட்ல கருவாடு திம்பியளா?"

"நாங்க யாருமே... எங்க டீம்ல யார் வீட்லயும் பழக்கம் இல்லக்கா. அதான் குழந்தைங்க அதப் பார்த்ததும்..." அவளே பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. இத்தனை படித்தவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டு அடுப்பைத் தவிர வேறு அடுப்பு உலகத்தில் உண்டு என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

"அப்போ உங்க பிள்ளைக முகஞ்சுளிச்சத எடுத்து எங்க பிள்ளைக நாக்குல ஒட்டிட்டிய," என்றேன். "வேப்பெண்ணெய் தடவுதது பெத்தவம்மா. பால் இருக்கது அவ மாருலதான். நீங்க யாரு தடவ?"

திலகவதி தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

"இப்பவே கழட்டுங்க."

"மார்ச்ல எல்லாருக்கும் சேர்த்து எடுத்துடுவோம். நடுவுல ஒருத்தருக்கு மட்டும் எடுக்கறதுக்கு அனுமதி இல்ல," என்றாள் நிரஞ்சனி.

"மார்ச்சுக்குள்ள உறைஞ்சிரும்லா? உறைஞ்ச தயிரத் திருப்பிப் பாலாக்குவியளாம்மா?"

சிரித்த முகத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

நானும் எங்கள் தெருப் பெண்களும் நடையாய் நடந்தோம். கல்வி அலுவலகத்தில் 'ஊட்டச்சத்துத் திட்டத்தை எதிர்க்கிறீர்களா?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது, சாம்பல் புதனும் வந்து தவக்காலம் தொடங்கியது. எஸ்கலின்தான் ஒரு யோசனை சொன்னாள்.

"நம்ம கருவாடு நாறுதுன்னுதான அவிய நெனைக்காவ? நாறட்டும். பள்ளிக்கூட வாசல்லயே அடுப்பு மூட்டுவோம். நம்ம சாப்பாட்ட அங்கயே உக்காந்து திம்போம். என்ன செய்யுதாவன்னு பாப்போம்."

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மதிய மணி அடிக்கிற நேரம். வாசலில் மூன்று கல் வைத்துப் பெரிய சட்டி ஏற்றினோம். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட குழம்பு. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தோம். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினோம். வெயிலும் குழம்பு வாசமும் நெஞ்சில் இருந்த வீம்பும் சேர்ந்து, நான் அந்த வருடத்திலேயே ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். காற்று கடலிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீசியது. நன்றாகப் போகட்டும் என்று எஸ்கலின் முறத்தை எடுத்து விசிறவும் செய்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வாசம் ஆசிரியர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். பொட்டு இருந்தது எங்கள் பிள்ளைகள் வாயில். முதலில் ஒரு பையன் சுவரோரம் குனிந்து ஓங்கரித்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் வரிசையாக எல்லாப் பிள்ளைகளும். எங்கள் வயிற்றில் பிறந்ததுகள், எங்கள் சாப்பாட்டின் வாசத்தைத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தன. எல்லா முகத்திலும் இடது கண் மூடியிருந்தது. எல்லா உதடும் ஒரே பக்கமாகக் கோணியிருந்தன. அந்தச் சுளிப்பு எங்கள் தெருவில் யார் வீட்டுச் சாயலும் இல்லை.

பிரிஸ்கா சட்டைக் காலரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கம்பிக் கதவு வரை வந்தாள்.

"மூடுங்கம்மா. வீட்டுக்குப் போங்கம்மா. எல்லாரும் பாக்காங்க."

எஸ்கலின் சேலை முந்தானையால் சட்டியை மூடினாள். கை சுட்டது அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. நாங்கள் எங்கள் சோற்றை மண்ணில் கொட்டி அடுப்பை அணைத்தோம்.

மறுநாள் செய்தி வந்தது. 'கருவாட்டு நாற்றத்தால் மாணவர்களுக்கு வாந்தி.' பொட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஆனாலும் கம்பெனிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். அடுத்த வாரமே 'மருத்துவ முன்னெச்சரிக்கை' என்று சொல்லி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொட்டைக் கழற்றிவிட்டார்கள்.

அன்று தொம்மை கடலுக்குப் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத் தயிர்ச் சோறு பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிரிஸ்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் கை வாயருகே போனதும் கண் மூடியது, உதடு கோணியது.

"பொட்டுதான் இல்லயே மக்கா?"

"தெரியும்ப்பா. கசக்கல. ஆனாலும் ஓங்கரிக்கு." அவள் அழுதாள். "நான் வேணும்னு செய்யலப்பா."

"சரிட்டி, சரிட்டி. அழாத. நீயே அள்ளித் தின்னு." அவர் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெரிய சுறாவைத் தனியாளாக வள்ளத்துக்குள் இழுத்துப் போடுகிற மனிதர். தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அதற்காக மட்டும் அந்தக் கம்பெனியை நான் மன்னிக்கமாட்டேன்.

ஈஸ்டர் முடிந்து நிரஞ்சனி வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு சிறிய பெட்டி. உட்காரச் சொன்னது தொம்மைதான். நான் சொல்லவில்லை.

"தப்பு எங்களோடதுதான்க்கா," என்றாள். "அதைச் சரிபண்ணத்தான் வந்திருக்கேன். கடற்கரைக் குழந்தைங்களுக்குன்னே புதுப் பதிவு எடுக்கறோம். பொட்டு ஒட்டாத குழந்தையா வேணும். உங்க சின்னவ செலின் இருக்காளே, அவ கருவாட்ட ருசிச்சுச் சாப்பிடறத பதிவு பண்ணினா, அதையே பிரிஸ்காவுக்குப் புதுப் பொட்டுல ஏத்தலாம். இன்னொரு வருஷம் பொட்டு போட்டா, அவ பழையபடி சாப்பிடுவா."

"இன்னொரு பொட்டா?" என்றேன்.

"அவ தங்கச்சி ருசிதானக்கா. வெளியாள் இல்ல."

நான் தொம்மையைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செஞ்சு பாப்பமே மெட்டில்டா," என்றார். அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

செலினுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. பல் முளைத்த நாளிலிருந்து நெத்திலிக் கருவாட்டைச் சப்பி வளர்ந்தவள். கொஞ்ச நாளாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைவாய்ப் பல் வருகிறது என்று நினைத்திருந்தேன். நிரஞ்சனி அவள் கன்னத்தில் இரண்டு மெல்லிய வில்லைகளை ஒட்டினாள். பெட்டியின் மூடியைத் திறந்து அதிலிருந்த திரையை நிமிர்த்தி வைத்தாள். வறுத்த நெத்திலி ஒன்றைக் குழந்தை கையில் கொடுத்தேன்.

செலின் அதை வாய்க்குக் கொண்டுபோனாள். கடிப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். என்னை இல்லை. வாசல்படியில் நின்ற அக்காவை. பிரிஸ்காவுக்குக் கண் மூடி உதடு கோணியிருந்தது.

குழந்தை அதைப் பார்த்தாள். அவளுடைய இடது கண் மெல்ல மூடியது. சின்ன உதடு ஒரு பக்கமாகக் கோணியது. நெத்திலியைத் தூர எறிந்தாள்.

பொட்டு இல்லை. அந்தக் குழந்தையின் வாயில் யாரும் எதையும் ஒட்டியதில்லை.

நிரஞ்சனி திரையைப் பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் பொண்ணுக்கா," என்றாள். "பிடிக்கலன்னா அவ இப்படித்தான், அந்தக் கண்ண மட்டும்... பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். கருவாட்டுக்கு நாங்க எடுத்தது அவ பதிவுதான். இது அப்படியே அவ முகம்."

நான் செலினைத் தூக்கி மடியில் வைத்து, கன்னத்து வில்லைகளைப் பிய்த்துப் பெட்டிக்குள் போட்டேன்.

"உம்பிள்ள முகத்த எடுத்துட்டுப் போம்மா," என்றேன். "எங்கிட்ட ரெண்டு இருக்கு. எப்படித் திருப்பித் தரதுன்னு எனக்குத் தெரியல."

அவள் பெட்டியை மூடிக்கொண்டு போனாள். அவள் அழுதாள் என்று தொம்மை பிறகு சொன்னார். அழட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மறுநாள் மதியம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் செலின் தட்டின் முன்னால் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள். நெத்திலியைத் தொடவில்லை. பிரிஸ்கா சற்று நேரம் தங்கையையே பார்த்தாள். நேற்று வாசல்படியில் நின்றபோது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும்தான் இருந்திருக்கிறாள். மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாடை நுனியை இழுத்து ஒரு நெத்திலியை அதற்குள் வைத்து மூடினாள். துணியோடு சேர்த்துக் கடித்தாள். பழைய காக்காய்க் கடி. அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது. ஆனால் விடவில்லை. கருவாடு இரண்டாக ஒடிந்தது.

ஒரு துண்டைத் தங்கையிடம் நீட்டினாள். நீட்டிவிட்டு, முகத்தைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செலின் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் இரட்டைச் சடை மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்தச் சடையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துண்டை வாயில் போட்டுச் சப்பத் தொடங்கினாள்.

"தின்னுட்டாளாம்மா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள் பிரிஸ்கா.

"தின்னுதா."

"நான் இப்பத் திரும்பலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம், மக்கா," என்றேன்.